மின்கம்பி வழி இணையம்: வேகக் குறைவின் காரணங்களும் அவற்றைக் காணும் முறையும்

கெசல்கமு ஓயாவின் நீர் டிக்கோயாவுக்கு அண்மையிற் காசல்ரீ நீர்த்தேக்கத்திலே தங்கி, மலையைக் குடைந்த வழியாற் சென்று, 1965ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்னிலையத்தின் சுழலிகளைச் சுற்றுகின்றது. அந்நிலையத்துக்குப் பெயர் தந்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மலைநாட்டு ஆறுகளின் வலுவை மின்சக்தியாக்கி நாடு முழுவதற்கும் பயன்படுத்தலாம் என்பதை 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை வாயிலாக எடுத்துக்காட்டியவர். லக்சபான மின்னிலையம் 1950ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியதை அவர் தம் வாழ்நாளிலேயே கண்டார். ஆயினும், மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு இத்துணை அருகில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் லயங்களிலே பன்னெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்து வந்தது. கொழும்பின் வீதிகளை ஒளிரச் செய்த கம்பிகள் அவர்தம் கூரைகளுக்கு மேலாகவே சென்றன. கீழே இறங்கி வரத்தான் காலம் பிடித்தது.

இன்று அக்கம்பி இல்லந்தோறும் வந்துவிட்டது. வந்ததோடன்றி, இரண்டாவது பணி ஒன்றையும் ஏற்றுள்ளது. விளக்கெரிக்கும் அதே கம்பியினூடே இணையத்தின் செய்திகளையும் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அனுப்பலாம். இதற்கென விற்கப்படும் சிறு கருவிகளைக் கடைக்காரர் பவர்லைன் அடப்டர் என்பர். இக்கட்டுரையில் அவை மின்வழி இணைப்பி எனப்படும். இரண்டு இணைப்பிகள் தேவை. ஒன்று ரவுட்டருக்கு அருகிலுள்ள சுவர்க்குதையிலும் மற்றையது கணினி இருக்கும் அறையின் குதையிலும் செருகப்படும். அறைகளுக்கிடையே புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியதில்லை. கருங்கற் சுவர் கொண்ட பழைய தோட்ட விடுதிகளில் இஃது ஒரு பெருவசதியே. ஆனால் இவ்வசதியை நாடியவருட் பலர், சில காலத்தின் பின் வேகம் குன்றிவிட்டதெனக் குறைகூறுவதும் உண்டு. அக்குறையின் மூலம் எங்கே இருக்கின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்கம்பியைச் செய்திக் கம்பியாகவும் பயன்படுத்தும் எண்ணம் புதியதன்று. அமெரிக்க இராணுவ அதிகாரியாகிய ஜோர்ஜ் ஓவன் ஸ்குவயர் என்பவர், உயர் மீடிறன் கொண்ட காவியலைகளைப் பயன்படுத்தி ஒரே கம்பியிற் பல உரையாடல்களை அனுப்பும் முறையை 1910ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். 1920களில் மின்விநியோகக் கம்பிகள் வாயிலாக இல்லங்களுக்கு இசையை அனுப்பும் முயற்சியிலும் அவர் ஈடுபட்டார். மின்னிலையங்கள் தம்முட் பேசிக்கொள்வதற்கும் உயரழுத்தக் கம்பிகளே பல நாடுகளில் நெடுங்காலம் பயன்பட்டன. இல்லத்துக்குரிய கருவிகள் பொதுவிதி ஒன்றின் கீழ் அமைந்தமை இந்நூற்றாண்டின் செயலாகும். ஹோம்பிளக் எனப்படும் முதல் விதி 2001ஆம் ஆண்டு வெளிவந்தபோது அதன் உச்சவேகம் செக்கனுக்கு 14 மெகாபிற்று. 2005இல் அது 200 ஆயிற்று. 2012இல் வெளிவந்த அடுத்த விதி 1000ஐயும் கடந்து பேசியது. இவ்வெண்களைப் பற்றிப் பின்னர் சிறிது எச்சரிக்கையுடன் நோக்க வேண்டியிருக்கும்.

இனி, ஒரே கம்பியில் இரண்டும் எங்ஙனம் கலவாது செல்கின்றன என்பதைக் காண்போம். நம் நாட்டின் இல்ல மின்சாரம் 230 வோல்ற்று அழுத்தமும் 50 ஹேர்ட்ஸ் மீடிறனும் உடையது. அதாவது செக்கனுக்கு 50 முறை அது முன்னும் பின்னுமாக ஊசலாடுகின்றது. இணைப்பி அனுப்பும் அலைகளோ 2 மெகாஹேர்ட்ஸ் தொடக்கம் ஏறத்தாழ 30 மெகாஹேர்ட்ஸ் வரை, அதாவது செக்கனுக்கு இருபது இலட்சம் முதல் மூன்று கோடி முறை வரை ஊசலாடுபவை. மீடிறனில் உள்ள இப்பெரும் வேறுபாட்டாற் சிறு கொள்ளளவி ஒன்றே இரண்டையும் பிரித்துவிடும். கொள்ளளவியின் எதிர்ப்பு மீடிறன் உயர உயரக் குறையும் என்பது பாடசாலைப் பௌதிகம். 0.1 மைக்குரோபரட்டுக் கொள்ளளவியைக் கணித்துப் பார்த்தால், 50 ஹேர்ட்ஸ் மின்னுக்கு அதன் எதிர்ப்பு ஏறக்குறைய 31,800 ஓம். 10 மெகாஹேர்ட்ஸ் அலைக்கோ வெறும் 0.16 ஓம். நடைமுறையில் இணைப்புக் கம்பியின் தூண்டலாற் பின்னது சற்று மிகும். எனினும் வேறுபாட்டின் அளவு தெளிவு. ஒன்றுக்கு மதில், மற்றொன்றுக்குத் திறந்த வாயில். இக்கணக்கை மாணவர் நினைவில் வைத்திருத்தல் நன்று. வேகத்தைக் கெடுக்கும் முதற் பகைவனை இனங்காண்பதற்கும் இதுவே உதவும்.

அலைகள் ஒன்றிரண்டாக அனுப்பப்படுவனவல்ல. 2005ஆம் ஆண்டு விதியின்படி 917 சிறு காவியலைகள் ஒருங்கே செல்கின்றன. கங்காணி மலையிலே நிரை பிரித்துக் கொடுக்கும் முறையை இங்கு எண்ணிப் பார்க்கலாம். கொழுந்து செழித்த நிரையிற் கூடை நிறையும். கல்லும் பள்ளமுமான நிரையில் ஓரளவே கிடைக்கும். ஒன்றும் விளையாத நிரையை விட்டுவிடுவர். இணைப்பிகளும் அங்ஙனமே. ஒவ்வொரு காவியலையும் எவ்வளவு தெளிவாக மறுமுனையைச் சேர்கின்றது என்பதைச் சோதித்து, தெளிவானதில் மிகுந்த செய்தியையும் மங்கலானதிற் சிறிதளவையும் ஏற்றி, முற்றும் கெட்டுப்போனதை ஒதுக்கிவிடுகின்றன. இச்சோதனை ஒருமுறை நடந்து முடிவதன்று, இடைவிடாது நடைபெறுவது. ஆதலின் மின்வழி இணையத்தின் வேகம் நிலையான ஓரெண்ணன்று. வீட்டில் ஒரு விளக்கை ஏற்றினாலும் அணைத்தாலும் அது மாறக்கூடும்.

உதாரணமாக, டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் உத்தியோகத்தர் விடுதியிலே ஓர் இல்லத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஆங்கிலேயர் காலத்துக் கருங்கற் சுவர், தகரக் கூரை, முன்னறையில் ரவுட்டர், பின்புறத்தே பிற்காலத்திற் கட்டிச் சேர்த்த அறை. அவ்வறையிலே உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள். அவளுக்கு இரசாயன வகுப்பு மாலை 7 மணிக்கு இணையவழியாக நடைபெறுகின்றது. ரவுட்டரின் வானலை அக்கருங்கற் சுவர்களைத் தாண்டும்போது வலியிழந்துவிடுகின்றது. விடுதியோ தோட்ட நிருவாகத்துக்குரியது. அனுமதியின்றிச் சுவரைத் துளைக்க இயலாது. எனவே தந்தையார் மின்வழி இணைப்பிகளை வாங்கினார். தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே இருந்தது. சில மாதங்களின் பின் ஆசிரியரின் குரல் துண்டு துண்டாக வந்தது. கரும்பலகையிலுள்ள சமன்பாடு பாதியில் உறைந்து நின்றது. 2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்ட காலத்திலே கைபேசிச் சமிக்ஞை தேடி மேடும் குன்றும் ஏறிய தோட்டத்துப் பிள்ளைகளை நினைவிற் கொண்டவர்க்கு, அறைக்குள்ளிருந்தே படிக்கக் கிடைத்த ஒரு பிள்ளையின் பாடம் இவ்வாறு தடைப்படுவது சிறு செய்தியாகத் தோன்றாது.

இந்நிலையில் தந்தையார் செய்த முதற் செயல் மாதந்தோறும் கூடுதலான பணம் செலுத்தி, உயர்ந்த இணையத் திட்டத்துக்கு மாறியதாகும். பெரும்பாலோர் செய்வதும் இதுவே. பெரும்பாலும் வீணாவதும் இதுவே. கிணற்றில் நீர் நிறைந்திருக்க, ஓட்டை வாளியை மாற்றாது, கிணற்றை ஆழப்படுத்துவது போன்ற செயல் இது. குற்றம் எங்குளது என அறியுமுன் பணம் செலவிடலாகாது.

ஆராய்ச்சியின் முதற்படி, வெளியிலிருந்து வரும் இணையத்தையும் வீட்டுக்குள் அது செல்லும் வழியையும் வேறுபிரித்தல். கணினியை முன்னறைக்குக் கொண்டுசென்று, சிறு கம்பியால் நேரே ரவுட்டருடன் இணைத்து, வகுப்பு நடைபெறும் அதே 7 மணிக்கு வேகத்தை அளக்க வேண்டும். காலையில் அளந்துவிட்டு மாலைக் குறையை ஆராய்வது பயனற்றது. கைபேசிக் கோபுரத்திலிருந்து இணையம் பெறும் இல்லங்களில் மாலையில் அயலார் எல்லோரும் அதனையே நாடுவதால் வேகம் இயல்பாகவே இறங்கும். மேற்குறித்த இல்லத்தில் ரவுட்டரின் வாயிலில் 38 மெகாபிற்றுக் கிடைத்தது; மகளின் அறையிலோ 4. ஆகவே குற்றம் வீட்டுக்குள்ளேயே உளது. ரவுட்டரின் வாயிலிலும் 4 தான் கிடைத்திருக்குமாயின், இணைப்பிகளைக் குறைகூறுவதில் நியாயமில்லை.

அடுத்து, கருவிகளையும் வீட்டு மின்கம்பியையும் வேறுபிரிக்க வேண்டும். இரண்டு இணைப்பிகளையும் ஒரே அறைக்குக் கொண்டுவந்து, அருகருகே உள்ள இரு சுவர்க்குதைகளிற் செருகி, இரு கணினிகளுக்கிடையே ஒரு பெருங்கோப்பைப் பிரதிசெய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். இணையத் தளங்களிற் செய்யும் வேகச் சோதனை இவ்விடத்திற் போதாது. அது வெளியிணையத்தின் வேகத்துக்கு மேல் எதையும் காட்டாது. 600 மெகாபைற்றுக் கோப்பு 60 செக்கனிற் சென்றால், ஒரு பைற்றுக்கு 8 பிற்றாகையால், வேகம் செக்கனுக்கு 80 மெகாபிற்று. பைற்றையும் பிற்றையும் மயங்குவோர் எட்டு மடங்கு ஏமாற்றமடைவர். கற்றவர்களும் இதில் இடறுவதுண்டு.

இங்கேதான் பெட்டியில் அச்சிட்ட எண்ணின் உண்மை வெளிப்படும். தந்தையார் வாங்கிய பெட்டியில் 600 என்றிருந்தது. அருகருகே வைத்துச் சோதித்தும் 80ஐத் தாண்டவில்லை. கருவி பழுதென எண்ணுதல் வேண்டா. 600 என்பது கம்பிமேற் செல்லும் மூல அலைகளின் கணக்கியல் உச்சம். பிழை திருத்தும் குறிகள், முறை காத்திருக்கும் நேரம், தொடர்பை நிலைநிறுத்தும் செய்திகள் ஆகியன அதிலிருந்து கழியும். மேலும், ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். ஒற்றை வாகனம் மட்டும் செல்லத்தக்க தோட்டப் பாலத்தில் இரு பக்கத்தாரும் முறைவைத்துச் செல்வதுபோல, அனுப்புதலும் பெறுதலும் மாறிமாறியே நடைபெறும். இவையனைத்துக்கும் மேலாக, 600 எனப் பெயர்பெற்ற இணைப்பிகள் பலவற்றின் கம்பித் துளை 100 மெகாபிற்றுக்கு மேல் வாங்கவே இயலாதது. வாசல் சிறிதாயிருக்க, மண்டபத்தின் அகலத்தை விளம்பரப்படுத்துவது வணிகருக்கு வழக்கமாகிவிட்டது.

அருகருகே வைத்தும் வேகம் மிகக் குறைவாயின், முதலில் ஐயுற வேண்டியது இணைக்கும் சிறு கம்பியை. அதனுள் நான்கு சோடிக் கம்பிகள் உள. 100 மெகாபிற்றுக்கு இரண்டு சோடி போதும். 1000க்கு நான்கும் வேண்டும். மேசைக்காலில் நசுங்கி ஒரு சோடி அறுந்தால், வேகம் பத்திலொன்றாகலாம். ஆயினும் தொடர்பு முற்றாக அறாமையாற் குற்றம் கண்ணுக்குத் தெரியாது. கம்பியை மாற்றிப் பார்ப்பது மிக மலிவான சோதனை. அதன் பின்னரும் சீராகாவிடின் கருவியின் முதுமை காரணமாகலாம். இணைப்பிகள் இரவும் பகலும் வெப்பத்திலே இருப்பவை. அவற்றின் உள்ளேயுள்ள மின்பகு கொள்ளளவிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுவிழக்கும்.

உதாரண இல்லத்திலே கருவிகள் நல்லனவாகவே இருந்தன. எனவே அவற்றை மீண்டும் தத்தம் இடத்தில் வைத்து, கம்பியின் பாதையை ஆராய வேண்டியதாயிற்று. மகளின் அறையில் இணைப்பி சுவர்க்குதையிற் செருகப்படவில்லை. இடி மின்னலுக்கு அஞ்சி வாங்கிய, மின்னெழுச்சிக் காப்புள்ள நீள்பலகையிற் செருகப்பட்டிருந்தது. முன்னர்க் கணித்த கொள்ளளவி இங்கே வருகின்றது. அத்தகைய பலகைகளின் உள்ளே உயிர்க்கம்பிக்கும் நொதுமற் கம்பிக்கும் குறுக்கே கொள்ளளவி வைக்கப்பட்டிருப்பதுண்டு. அது 50 ஹேர்ட்ஸ் மின்னை அசையாது விடும். உயர் மீடிறனுக்கோ இரு கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது போலாகும். இரைச்சலை விழுங்கவென வைத்த அக்கொள்ளளவிக்கு இரைச்சல் எது, பாடம் எது என்ற பேதம் தெரியாது, இரண்டையும் விழுங்கிவிடும். இணைப்பியைச் சுவரில் நேரே செருகியதும் 4 ஆக இருந்தது 13 ஆயிற்று.

மின்னற் காப்பை விட்டுவிடுவதா என்ற கேள்வி இவ்விடத்தில் எழும். அது நியாயமான கேள்வியே. சில இணைப்பிகளின் முகப்பிலேயே ஒரு குதை அமைந்திருக்கும். அத்தகையதைச் சுவரிற் செருகி, நீள்பலகையை இணைப்பியின் குதையிற் செருகினால், கணினிக்குக் காப்பும் கிடைக்கும், செய்தியும் தடைப்படாது. ஆனால் இணைப்பி மட்டும் காப்பின்றி நிற்கும் என்பதை மறத்தலாகாது.

ரவுட்டரின் பக்கத்திலும் இதையொத்த குறை இருந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நேர்ந்ததை எவரும் மறந்திரார். அக்காலத்திற் பல இல்லங்களில் மின்கலச் சேமிப்புப் பெட்டிகள் இடம்பெற்றன. யூ.பீ.எஸ். என அழைக்கப்படும் அப்பெட்டியிலே ரவுட்டரோடு இணைப்பியையும் செருகிவிட்டால், செய்தி அதன் உள்ளேயுள்ள வடிகட்டிகளைக் கடந்துதான் வீட்டுக்கம்பியை அடைய வேண்டும். ரவுட்டரை அதில் விட்டு, இணைப்பியை மட்டும் சுவருக்கு மாற்றியபோது வேகம் 24 ஆயிற்று. மின்வெட்டின்போது இணைப்பி இயங்காதே எனலாம். அப்போது மறுமுனையிலுள்ள இணைப்பியும் இயங்காதாகையால் இழப்பொன்றுமில்லை.

குதைகளின் இயல்பும் கவனிக்கற்பாலது. பழைய விடுதிகளில் உருண்டைமுளைக் குதைகளும் புதிய சதுரமுளைக் குதைகளும் கலந்திருக்கும். ஒன்றை மற்றொன்றிற் பொருத்த இடையிலே மாற்றுச் செருகி வைப்பர். மழை ஓயாத மலைநாட்டிலே பித்தளை முளைகள் பச்சைபிடித்து, தொடுகை தளர்வது இயல்பு. தளர்ந்த தொடுகை செய்தியைக் கெடுப்பதோடன்றிச் சூடேறித் தீயையும் விளைவிக்கும். இணைய வேகத்துக்காக அன்றேனும் உயிருக்காக அதனை மாற்றுவித்தல் வேண்டும். புவிக்கம்பி இல்லாத குதையும் அவ்வாறே. 2012ஆம் ஆண்டு விதிக்கமைந்த இணைப்பிகளிற் சில, உயிர்க்கம்பி நொதுமற் கம்பிகளோடு புவிக்கம்பியையும் இரண்டாம் பாதையாகக் கொள்பவை. புவிக்கம்பி இல்லாத வீட்டில் அப்பாதை அற்றுப்போகும். ஆனால் அவ்வீட்டாரின் முதற் கவலை இணையமாக இருத்தல் தகாது.

கம்பியின் கிளைகளும் அலையைக் கெடுக்கும். 50 ஹேர்ட்ஸ் மின்னின் அலைநீளம் 6,000 கிலோமீற்றர். அதற்கு ஒரு வீடு புள்ளி போன்றது. 10 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் வெளியில் 30 மீற்றர். பூச்சுக் கம்பியினுள்ளே ஏறத்தாழ 20 மீற்றராகச் சுருங்கும். அதன் காற்பங்கு 5 மீற்றர். பயன்படாத குதையொன்றுக்கு 5 மீற்றர்க் கிளை சென்று வெறுமனே முடியுமாயின், அங்கு மோதித் திரும்பும் அலை, கிளை தொடங்கும் இடத்தில் எதிர்மாறாக வந்து சேர்ந்து மூல அலையை அழித்துவிடும். அந்த மீடிறனை ஒட்டிய காவியலைகள் பயனற்றுப் போகும். இதனாலேயே ஒரு குதையில் நன்றாக இயங்கும் இணைப்பி ஒரு முழம் தள்ளியுள்ள மற்றொரு குதையிற் சோர்வதுண்டு. கணித்துக் காண முயல்வதிலும் குதைகளை மாற்றிப் பார்ப்பதே எளிது. மின்பலகையிலே வெவ்வேறு சுற்றுடைப்பான்களின் கீழ் அமைந்த குதைகளாயின், செய்தி பலகை வரை சென்று திரும்ப வேண்டியிருப்பதால் மேலும் இழப்பு நேரும். மூன்று கட்ட மின்சாரம் பெற்ற பெரிய பங்களாக்களில் இரு குதைகளும் இரு கட்டங்களைச் சேர்ந்தனவாயின் இழப்பு இன்னும் பெரிது. மின்னழுத்தம் தாழ்வதாலேயே இணையம் மந்தமாகின்றது என்னும் பரவலான எண்ணத்துக்கு மட்டும் ஆதாரமில்லை. இணைப்பிகளிற் பெரும்பாலானவை 100 வோல்ற்றிலும் இயங்குவன.

மீண்டும் அவ்வில்லத்துக்கு வரலாம். மாலையில் 24 ஆக இருந்த வேகம் நண்பகலில் 46 ஆக இருந்தது. கம்பியின் நீளம் பகலுக்கும் இரவுக்கும் மாறுவதில்லை. ஆகவே மாலையில் ஏற்றப்படும் ஏதோ ஒன்று இரைச்சல் எழுப்புகின்றது என்பது துணிவு. இரைச்சல் எழுப்புவன எவை? கைபேசி மின்னேற்றிகள், மலிவான எல்.ஈ.டி. விளக்குகள், ஒளி குறைக்கும் ஆளிகள், தூரிகை மோட்டார் கொண்ட அரைக்கும் இயந்திரங்கள் ஆகியன. எல்.ஈ.டி. விளக்கினுள்ளேயுள்ள சிறு மின்வழங்கி, செக்கனுக்குப் பல்லாயிரம் முறை மின்னை வெட்டி வெட்டி அனுப்புவது. தரமான விளக்கில் அவ்வெட்டின் இரைச்சலைத் தடுக்க வடிகட்டி இருக்கும். சில ரூபா மிச்சம் பிடித்த விளக்கில் அது இராது. இவ்விரைச்சல் மின்னோட்டத்தின் ஊசலோடு ஒத்தே எழுந்து தாழ்வதாற் செக்கனுக்கு 100 முறை தலைகாட்டும். இணைப்பிகளும் இதனை அறிந்தவை போன்றே, மின்னின் இரு முழு ஊசல்களுக்கு, அதாவது 40 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை தம் கால அட்டவணையை வகுத்துக்கொள்கின்றன. இரைச்சல் தாழும் கணங்களிற் செய்தியை மிகுதியாக ஏற்றுவதே அதன் கருத்து. எனினும் இரைச்சல் அளவு கடந்தால் எந்த அட்டவணையும் உதவாது.

கண்டுபிடிக்கும் முறை எளியது, பொறுமைதான் வேண்டும். மின்பலகையின் மூடியைத் திறக்காது, வெளியிலுள்ள கைப்பிடிகளை மட்டும் தாழ்த்தி, இணைப்பிகள் இரண்டும் அமைந்த சுற்றுகளைத் தவிர ஏனையவற்றை நிறுத்த வேண்டும். பின்னர் ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமேனும் காத்திருந்து வேகத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். காத்திராவிடின், இணைப்பிகள் காவியலைகளை மறுபடி சோதித்து நிரை பிரிக்குமுன் அளந்த எண் பொய்யாகும். குற்றமுள்ள சுற்றைக் கண்டபின், அச்சுற்றிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம்.

அவ்வில்லத்திற் குற்றவாளி அகப்பட்ட இடம் சாமியறை. படங்களைச் சுற்றி மாலை 6 மணிக்கு ஏற்றப்படும் வண்ண விளக்குச் சரமே அது. அதனைக் கழற்றியதும் வேகம் 44 ஆயிற்று. வீட்டின் முதியவளாகிய அப்பாயி, சாமி விளக்கின்மேற் பழிபோடுவதை முதலில் ஒப்பவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அச்சரம் பண்டிகைக் கடையில் வாங்கியதே தவிர ஆகமத்திற் சொன்னதன்று எனப் பேத்தி வாதிட, அகல்விளக்கு ஏற்றுவதென முடிவாயிற்று. எண்ணெய் விளக்கு எந்த மீடிறனிலும் இரைச்சல் எழுப்பாது. சரம் வேண்டும் என்போர்க்கும் வழியுண்டு. மகளின் அறையிலிருந்து நீக்கிய நீள்பலகையை இங்குக் கொண்டுவந்து, சரத்தை அதிற் செருகலாம். செய்தியை விழுங்கிய அதே வடிகட்டி இங்கு இரைச்சலை அதன் பிறப்பிடத்திலேயே விழுங்கும். ஆனால் வெறும் கொள்ளளவி மட்டும் உள்ள பலகை அருகே செல்லும் செய்தியையும் சிறிது குறைக்கக்கூடும். தூண்டற் சுருளும் உள்ளதே சிறந்தது. எதையும் அளந்து பார்த்தே துணிய வேண்டும்.

இப்போது வீட்டுக்குள் 44. வெளியிலிருந்து வருவது 38. இதற்கு மேல் உள்வழியைச் செம்மை செய்வதாற் பயனில்லை. ஆராய்ச்சியை எங்கே நிறுத்துவது என்பதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே. காணொளி வகுப்பொன்றுக்குச் சில மெகாபிற்றே போதும். அவை இடையறாது வருவதே முக்கியம்.

வரிசையாக அமைந்த விடுதிகளில் அயல்வீட்டாரும் இத்தகைய கருவிகளை வைத்திருப்பின், ஒரே நிலைமாற்றியிலிருந்து மின்பெறும் அவர்தம் கம்பி வழியாக அலைகள் ஓரளவு கலக்கும். கருவியிலுள்ள பொத்தானை அழுத்தி இரண்டையும் சோடி சேர்த்துவிட்டால், செய்திகள் மறைகுறியாக்கப்பட்டு அயலார் படிக்க இயலாதனவாகும். ஆயினும் பாதை பொதுவாகையாற் காத்திருத்தல் தவிராது. சிற்றலை வானொலி கேட்கும் முதியவர் பக்கத்து வீட்டிலிருப்பின், அவர்க்கு இக்கருவி இடையூறு விளைவிக்கும் என்பதையும் கூறாமல் விடுவது நேர்மையன்று. மின்கம்பி வானலைக் கம்பமாகவும் தொழிற்படுகின்றது. பொழுதுபோக்கு வானொலியாளரின் அலைவரிசைகளை இணைப்பிகள் விலக்கி நடப்பினும், ஒலிபரப்பு வரிசைகள் எல்லாவற்றையும் அங்ஙனம் விலக்குவதில்லை.

இவ்வளவு தொல்லைக்கும் மாற்று இல்லையா எனின், உண்டு. தனிக் கணினிக் கம்பி 100 மீற்றர் வரை குறைவின்றிச் செல்லும். பழைய விடுதிகளின் கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியில் 30 மீற்றர்க் கம்பியை இழுப்பது ஒரு நாள் வேலையே; சுவரைத் துளைக்கவும் வேண்டியதில்லை. நிருவாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டால் மறுக்கப்படும் என முன்கூட்டியே எண்ணிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் இணைப்பிகளோடு போராடுவோரும் உளர். அனுமதி கிடைக்குமாயின் கம்பியே மேல். கட்டிடம் விட்டுக் கட்டிடத்துக்கு வெளியே இழுப்பதாயின் மட்டும் செப்புக் கம்பியைத் தவிர்த்து ஒளியிழையை நாடுதல் வேண்டும். மின்னல் செப்புக் கம்பியைத் தேடி வரும்.

மின்னலைப் பற்றி ஒரு சொல் எஞ்சியுள்ளது. மார்ச்சு, ஏப்ரில் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மலைநாட்டிற் பிற்பகல் இடிமழை வழக்கம். வகுப்பு நேரமும் பெரும்பாலும் அதுவே. சுவரில் நேரே செருகிய இணைப்பி மின்கம்பியில் ஒருபுறமும் கணினியில் மறுபுறமும் தொட்டு நிற்பது. காசல்ரீப் பக்கம் முதல் இடி கேட்டவுடன் இரு இணைப்பிகளையும் கழற்றி, கணினியிலிருந்து கம்பியையும் பிரித்து, மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினியைக் கைபேசியின் தரவோடு சேர்த்து எஞ்சிய பாடத்தைக் கேட்கலாம். அப்போது ஆசிரியரின் முகம் மங்கலாகத் தெரியினும், காணொளியை நிறுத்திக் குரலை மட்டும் பெற்றால் சமன்பாடுகளை எழுதிக்கொள்ளப் போதிய வேகம் கிடைக்கும்.